ஸ்பார்கோவின் தங்கப் பாளம்

1

ரீனோவில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. வியாபாரி ஒருவர் தங்கப் பாளம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "போலிதான். ஆனா கனத்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த மனம் வராததைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1856-இல், கிராஸ் வேலி என்ற தங்கச் சுரங்க ஊரில், ஸ்பார்கோ என்ற, தங்கத்தின் மாற்றுப் பார்ப்பவன் உலைக்கு முன்னால் வியர்த்து—"

வேண்டாம். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. இல்லாதவனை வியர்க்க வைப்பது போலி செய்தவனின் வேலை. [வரியை அடித்தேன், அழிக்கவில்லை.]

2

இருக்கிறவளிடமிருந்து தொடங்குகிறேன். லோர்னா ஸ்பார்கோ இன்றைய கிராஸ் வேலியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. பிறந்த கையோடு ஸ்டாக்டன் ஆஸ்பத்திரியில் விடப்பட்டவள். பெற்றவள் விட்டுப்போனது அந்தக் குடும்பப் பெயர் ஒன்றைத்தான். (இது என் ஏற்பாடு. லோர்னாவைக் கேட்டுச் செய்யவில்லை.) அதன்பின் யார் யார் வீட்டிலோ வளர்ந்தாள்.

செத்துப்போன கணவனின் வண்டியை விற்று, போலி என்று தெரியாமல் அந்தப் பாளத்தை வாங்கினாள். எடை, மாற்று, டாலர் மதிப்பு, அதற்கடியில் "டி. ஸ்பார்கோ, 1856" என்று முத்திரை. எதிரெதிர் மூலைகள் இரண்டும் வெட்டுப்பட்டிருந்தன. மாற்றுப் பார்க்க அங்கேதான் துணுக்கு எடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது தங்கம். அவளுக்கு முதல் சொந்தக்காரன்.

பழைய கல்லறைத் தோட்டத்தின் முன்னோடிகள் வரிசையில் அவனுக்கு ஒரு கல், பக்கத்தில் தனக்கு ஓர் இடம். அவளுடைய ஆசை இவ்வளவுதான். அந்த வரிசையில் முதல் குடியேறிகளுக்கும் வாரிசுகளுக்கும் மட்டும்தான் இடம். பாளம் அசல் என்று சான்று கேட்டது கல்லறைத் தோட்டக் கமிட்டி.

கல் வெட்டும் மெர்ல் சிரித்தான். "உடம்பே இல்லாத ஆளுக்குக் கல்லா? குழி தோண்டுற கூலி மிச்சம், லோர்னா."

"பக்கத்துக் குழிக்கு நான் வருவேன்ல."

"உனக்கு ரெண்டு குழி வேணும். உன் நாக்குக்குத் தனியா ஒண்ணு."

"அதை உன் கல்லால மூடிடு. போ, வேலையைப் பாரு."

3

(இந்தப் பகுதியை வாசகர் தாண்டலாம். லோர்னாவால் முடியாது.)

அசல் பாளங்கள் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுரங்கக்காரனின் தங்கத்தூளை உருக்கி, மாற்றுப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பினால், நாணயச்சாலை அதை மறுபடி உருக்கிவிடும். ஒழுங்காக வேலை செய்தவனின் பெயரும் சேர்ந்தே உருகும். மிஞ்சியவை மிகச் சில. ஆகவே, ஸ்பார்கோவைப் பற்றி எங்கும் குறிப்பில்லை என்பதால் அவன் இல்லை என்றாகிவிடாது. இந்த ஓர் இழையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாக்ரமென்டோவின் சோதனைக்கூடத்துக்குப் போனாள்.

எனக்கும் அந்த இழை பிடித்திருந்தது. அறுக்காமல் கதையை—

4

சோதனைக்கூடத்தில் ஓகாவா என்ற பெண்மணி நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க மேடம்."

"உட்காரச் சொன்னா நல்ல சேதி இல்லன்னு தெரியும். சொல்லுங்க."

"தங்கம் நிஜம். பாளம் போலி. பல் கட்டுற தங்கத்துல ஒரு உலோகம் கலப்பாங்க. 1856-ல அந்தப் பழக்கமே கிடையாது. இதுல அது நிறைய இருக்கு. பழைய தங்கப் பல்லுங்களை வாங்கி உருக்கியிருக்காங்க."

"யாரு பல்லு?"

"பெரும்பாலும் செத்தவங்களோடது."

"அப்போ ஸ்பார்கோ?"

"செஞ்சவன் வச்ச பேரு."

இங்கே லோர்னா அழுதாள் என்று எழுதினேன். பொருந்தவில்லை. பாளத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து— அதுவும் இல்லை. அவள் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எத்தனை பேரோட பல்லு இருக்கும்?"

"நிறைய பேரு. யாரு யாருன்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல."

"எங்க அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. அவ இதுக்குள்ள இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

ஓகாவா கருவியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"முடியாது" என்றார்.

5

ஓகாவா மனமிரங்கிப் பொய்ச் சான்று கொடுப்பதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்துவிட்டேன். சான்று இல்லாமலே கமிட்டி இரங்குவதாக இன்னொன்று. எனக்குக் கமிட்டிகளைத் தெரியும்.

இப்போது அவள் மெர்லுடைய பட்டறையில் நிற்கிறாள்.

"என்னவாம் கமிட்டி?"

"சுவருக்கு வெளியே எங்கே வேணா வச்சுக்கச் சொல்லிட்டாங்க."

மெர்ல் இந்த முறை சிரிக்கவில்லை. "வெளியேயும் மண்ணுதான். கல்லு தயார். என்ன பேரு வெட்டணும், சொல்லு."

லோர்னா பாளத்தைக் கையில் திருப்பி முத்திரையைப் பார்க்கிறாள். ஒரு பெயரை நான் எழுதிக் கொடுத்துவிடலாம், எனக்கு அரை நிமிட வேலை. அப்படிப் போலி செய்தவன் ஒருவன் இட்ட பெயரைத்தான் அவள் இத்தனை நாள் சொந்தம் என்று சுமந்தாள். நான் சொல்வதாக இல்லை.

மெர்ல் உளியைப் பிடித்தபடி காத்திருக்கிறான். நீங்கள் சொல்லுங்கள். பொய்யான பெயர் என்றால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.