அத்தான் கை வைத்த கம்ப்யூட்டர்

காலை ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டருக்குத் திடீரென்று முன்னேற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. இருந்த மாதிரியே இருந்திருந்தால் அவளுக்கு அதுவே பெரிய உபகாரம். ஆனால் அது 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் போட்டுக்கொண்டு, பத்து, முப்பது, எழுபது என்று ஏறி, தொண்ணூற்று நான்கில் நின்று யோசித்து, தானே அணைந்து, தானே எழுந்து, நீலத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி எழுதிக் காட்டிவிட்டு அதோடு உட்கார்ந்துவிட்டது.

அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தில் போட்டாள். வரைந்ததெல்லாம் அவள், ஓரத்தில் பெயர் போட்டுக்கொண்டதெல்லாம் மேலே இருந்தவர். போதுமடா சாமி என்று எட்டு மாதத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வந்து, வீட்டின் பின்னறையில் மேஜை போட்டுக்கொண்டாள். முதலில் கிடைத்த பெரிய வாய்ப்பு இதுதான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாடி நூலகம். மூன்று வாரம் முதுகு ஒடிய வரைந்து, ஓரத்தில் முதல்முறையாகத் தன் பெயரைப் போட்டிருந்தாள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் அது பள்ளிக்கூடக் குழுவுக்கு மெயிலில் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் திறந்துகூடப் பார்க்க மாட்டோம் என்று விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எடுத்திருந்தாள், ஒரு பென்டிரைவில், இரண்டு வாரத்துக்கு முன்னால். அதில் நூலகம் இருந்தது, மாடிக்குப் போகப் படிக்கட்டு இல்லை. மிச்சத்தை நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று தினமும் நினைத்தாள். தினமும் நினைத்ததோடு சரி.

மற்ற குடும்பங்களில் இப்படி ஆனால் ரிப்பேர் கடைக்கு ஓடுவார்கள். இவர்கள் குடும்பத்தில் அத்தானுக்கு போன் போடுவார்கள். அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஏதோ ஒரு காலத்தில் யார் வீட்டிலோ மக்கர் பண்ணிய பிரின்டரை இரண்டு தட்டுத் தட்டினார், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டர் அத்தான். சொந்தபந்தத்தில் எவர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கிறதும் அவர்தான், முதல்முறை ஓட வைக்கிறதும் அவர்தான். வெளியாளைக் கூப்பிட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு, அக்காவுக்கு மூன்று மாசக் கோபம். உத்தியோகத்தில் அவர் ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். கம்ப்யூட்டருக்கும் கொள்முதலுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன் வைத்த பத்தாவது நிமிஷம் வந்து நின்றார். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஆபீஸ் பை. பின்னாலேயே அக்காவின் போனும் வந்தது. எவ்வளவு வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது உனக்காக மீட்டிங்கை விட்டுவிட்டு வந்திருக்கிறார், ஒரு டீயாவது போட்டுக் கொடு என்று பாடம் நடத்தினாள். சரிக்கா சரிக்கா என்று அவள் கேட்டுக்கொண்டாள். டீயும் போட்டாள்.

அத்தான் திரையை ஒரு பார்வை பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். அவள் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தபோது, அதையெல்லாம் படிக்கக் கூடாது, சும்மா பயமுறுத்தும் என்று அடக்கிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி சொருகினார். நீலத் திரை. பக்கத்துப் பலகையைக் கழற்றி, வாயாலேயே ஊதித் தூசியைக் கிளப்பி, அவளைத் தும்ம வைத்தார். நீலத் திரை. உள்ளே இருந்த மெமரிப் பட்டையை உருவி, பென்சில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுகிற மாதிரி இரண்டு பக்கமும் தேய்த்தார். அப்போதும் நீலத் திரை. சூடாகியிருக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்று பதினைந்து நிமிஷம் ஃபேனுக்கு நேரே வைத்துவிட்டு டீயைக் குடித்தார். கம்ப்யூட்டர் ஆறியது. டீயும் ஆறிவிட்டது என்று இன்னொன்று கேட்டார்.

மணி பதினொன்றே காலானது. ஒவ்வொரு முறை அவர் பட்டனை அமுக்கும்போதும் அவளுக்கு அந்த நூலகத்தின் ஒரு மாடி இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் மேலே இருந்தவரிடம் வாய் மூடிப் பழகியவள் இல்லையா, அந்தப் பழக்கம் சொந்தக்காரரிடமும் உதவிக்கு வந்தது.

கடைசியில் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். டிஸ்க் போச்சு. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் கம்ப்யூட்டர் புதுப்பெண் மாதிரி ஓடும். இதைச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினார்.

"அப்ப என் டிராயிங்?" என்றாள் அவள்.

"போனது போனதுதாம்மா. மனச தேத்திக்கோ. நீ கெட்டிக்காரி, மறுபடி போட்டுடுவ."

மூன்று வாரத்தை நாற்பத்தைந்து நிமிஷத்தில் மறுபடி போட்டுவிடுகிற அளவுக்கு அவள் கெட்டிக்காரி இல்லை. அவர் எதையோ தேட மேஜைக்கு அடியில் குனிந்தார். அவள் இரண்டு கையாலும் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். முதல்முறையாக அந்த நாலு வரியை முழுசாகப் படித்தாள்.

டிஸ்க் போச்சு என்று அதில் எங்கேயும் இல்லை. புதுப்பித்ததில் பூட்டு விழுந்திருக்கிறது, திறக்க நாற்பத்தெட்டு எண் கொண்ட சாவி வேண்டும், அது இந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு மெயில் முகவரியையும் பாதி மறைத்துப் போட்டிருந்தது. பாதியே போதுமாக இருந்தது. அது அத்தானின் ஆபீஸ் மெயில். கம்ப்யூட்டர் வாங்கின அன்றைக்கு அதை அவர் பெயரிலேயே பதிந்து கொடுத்திருந்தார். இவளுடையதை மட்டுமா, குடும்பத்தில் அத்தனை பேருடையதையும். கம்பெனிப் பெயர் போட்ட மெயில் என்றால் ஒரு கெத்து. யாருக்கு என்ன ஆனாலும் நான் இருக்கிறேன் என்று அப்போது மார்தட்டியதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அத்தான், சாவி உங்க ஆபீஸ் மெயில்லதான் இருக்காம். திறந்து பாருங்க," என்றாள். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அத்தான் மேஜைக்கு அடியிலிருந்து மெதுவாக எழுந்தார். போனில் அந்த மெயில் வராது என்றார். பாஸ்வேர்ட் நேற்றுதான் மாற்றினார்களாம், புதுசு நினைவில்லையாம். இன்றைக்கு அங்கே சர்வரே வேலை செய்யவில்லையாம். ஒரே மெயிலுக்கு மூன்று நோய். அதற்குள் திரை மாறி, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று பென்டிரைவ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விரல் கீபோர்டுக்குப் போனது.

"நேரம் போகுது பாரு, நான் புதுசா போட்டுடறேன்."

அவள் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை பொட்டென்று இருண்டது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள், அந்த பிளக் இன்னும் அதில் இருந்தது. இனிமேல் அக்காவுக்கு மூன்று மாசம் இல்லை, முப்பது வருஷம் கோபம் வந்தாலும் வரட்டும் என்று இருந்தது.

"உங்க ஆபீஸுக்கே போன் பண்றேன். அங்க யாராவது எடுத்துத் தரட்டும்," என்றாள்.

வேண்டாம்மா என்றார். கேட்கிற நிலையில் அவள் இல்லை. அக்கா எப்போதோ கொடுத்த வரவேற்பறை எண் போனில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். ஒரு பெண் குழைவாக வணக்கம் சொன்னாள். இவள், கொள்முதல் பிரிவுத் தலைவர் விஷயமாகப் பேச வேண்டும் என்று அத்தானின் பெயரைச் சொன்னாள்.

"அவர் இப்ப இங்க இல்லைங்க. வேலைய விட்டுப் போய் நாலு மாசம் ஆச்சே," என்றது போன்.

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இஸ்திரிச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. நாலு மாதமாக யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பத்து நிமிஷத்தில் வந்து நின்றாரே, பெரிய பதவி, கேட்க ஆளில்லை என்றுதானே எல்லோரும் பூரித்துப்போனோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் அக்கா டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். இவர் எங்கே உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறாரோ.

பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. இந்த ஒரு போன் பேச வெட்கப்பட்டுக்கொண்டு அவள் மூன்று வார உழைப்பை அழிக்கப் பார்த்திருக்கிறார். வந்த உடனே திரையைப் படித்தவர், விஷயம் தெரிந்தே ஒன்றேகால் மணி நேரம் ரப்பரால் தேய்த்திருக்கிறார்.

போனில் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றாள். அவள் போனை எடுத்து அத்தானிடம் நீட்டினாள்.

"கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. நீங்கதான் கேக்கணும் அத்தான். நான் கேட்டா தர மாட்டாங்க."

ஒரு நிமிஷம் அவர் வாங்கவே இல்லை. சுவரில் கடிகாரம் பதினொன்று முப்பத்திரண்டு காட்டியது. பிறகு வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயரைச் சொல்லி, முன்னாள் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லில் மட்டும் குரல் கீழே போனது. எதிர்முனைக்கு யாரோ ஒருவன் வந்தான். எப்படி சார் இருக்கீங்க, வேற எங்க சார் இருக்கீங்க இப்ப என்று அன்பாகத்தான் விசாரித்தான். அந்த அன்பில் அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னும் எங்கேயும் இல்லை என்றார். அதன் பிறகுதான் சாவியைக் கேட்டார்.

அவள் பிளக்கைச் சொருகி, அந்தப் பென்டிரைவை உருவித் தூர வைத்தாள். நீலத் திரை வந்தது. எதிர்முனை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்ல, அவள் தட்டினாள். முப்பதாவதில் ஒன்று தவறிவிட்டது. திரை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லிக் கெஞ்சியதும் அத்தான்தான். இரண்டாம் முறை நாற்பத்தெட்டும் போனது. திரை கறுத்தது, சுற்றியது, அவள் போட்டு வைத்திருந்த மரத்தின் படத்தோடு விடிந்தது. வரைபடம் வைத்த இடத்தில் இருந்தது. படிக்கட்டும் இருந்தது. பதினொன்று ஐம்பத்துமூன்றுக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று இரண்டு நிமிஷத்தில் பதில் வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

"நான்தான் சொன்னேன்ல, ஓடிடும்னு," என்றார் அத்தான், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகு அவருக்கே அசிங்கமாக இருந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

ஆட்களைக் குறைத்தார்களாம். பதினோரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாராம், ஒன்றும் வரவில்லையாம். காலையில் கிளம்பிப் பொது நூலகத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம். இதையெல்லாம் தரையிடம்தான் சொன்னார். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும், இன்னிக்கே. என் வேலைய அழிக்கப் பாத்தீங்க அத்தான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல," என்றாள்.

அவர் தலையாட்டினார். கிளம்ப எழுந்தவரை உட்காரச் சொன்னாள். பதினோரு பேரும் வேண்டாம் என்ற அந்த விண்ணப்பம் எப்படித்தான் இருக்கிறது, போனிலிருந்து அனுப்புங்கள் என்றாள். வந்தது. அடேயப்பா, ஐந்து பக்கம். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு வாங்கியதுவரை இருந்தது. அவள் பென்சில் பிடிக்கிற கையால் சரசரவென்று வெட்டினாள். ஓட்டப்பந்தயம் போனது, குலப்பெருமை மாதிரி இருந்த முதல் பத்தி போனது, ஐந்து பக்கம் இரண்டு பக்கமானது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், தனித்திறமைகள் என்ற தலைப்புக்குக் கீழே, 'கணினிப் பழுது நீக்குவதில் இருபது ஆண்டு அனுபவம் பெற்ற நிபுனர்' என்று ஒரு வரி வந்தது.

அவள் அந்த வரியை முழுசாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"அதையாவது விட்டுடேம்மா," என்றார் அத்தான்.

அவள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு, அந்த வரியை அப்படியே இருக்கவிட்டாள்.