லூடியின் இரும்புச் சட்டி

"சோப்பா? சோப்புப் போட்டா தேய்ச்ச?"

"ஆமா. கம்பி நாரும் போட்டேன்."

"அடிப் பாவி! உங்கம்மா வீட்ல இரும்புச் சட்டியே பாத்ததில்லையா நீ?"

ஓபல் சிரித்தாள். என் கணவன் ஹாலிஸின் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில் என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்கு ஜெபம் ஓடாது.

"லூடி அதுல சோப்பக் காட்டினதே இல்ல, வெர்னா. அந்த எடக்கைக்காரி துணியால தொடைச்சு வைப்பா, அவ்வளவுதான்."

"தெரியும். அதான் தேய்ச்சேன்."

சிரிப்பு நின்றது. "அவ அதுக்கெல்லாம் போயிருவாளாக்கும்?" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினாள்.

எனக்கும் இந்தக் கென்டக்கி மலைதான் ஊர். சட்டியின் கருப்பு, வருஷக்கணக்காகப் படிந்த கொழுப்பு என்று தெரியாதவளில்லை. ஹாலிஸின் முதல் மனைவி லூடி செத்த பிறகு நான் வந்தேன். தினமும் காலையில் அதே சட்டியில் வெள்ளை கிரேவி வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஒதுக்குவான். சுரங்கத்துக்குப் போகிறவன், எலும்பாகிக்கொண்டிருந்தான். லூடி அந்தக் கருப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பிறகு நானே உருக்கிய பன்றிக்கொழுப்பைப் பூசிச் சூடேற்றி வைத்தேன்.

இன்று அதில் சாசேஜைப் பொரித்தேன். இறங்கிய கொழுப்பில் மாவைத் தூவி, பச்சை வாசனை போக வறுத்து, பாலை ஊற்றினேன். வழக்கமாகத் தட்டும் கட்டி இன்று தட்டவில்லை. கரண்டி அத்தனை லேசாகச் சுற்றியது. பாதியில்தான் பார்த்தேன், அது என் இடது கையில் இருந்தது. நான் வலது கைக்காரி. மாற்றப் பார்த்தேன், விரல்கள் விரியவில்லை. மறு கை, நான் நினைக்காமலே, மிளகுத்தூளை அள்ளி அள்ளிப் போட்டது. கிரேவி கெட்டியாகிப் பளபளத்த பிறகே விரல்கள் விட்டன.

சூடான பிஸ்கட் ரொட்டிகளைப் பிளந்து, மேலே ஊற்றி, ஹாலிஸ் முன்னால் வைத்தேன்.

முதல் வாயில் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு தலை நிமிராமல் தின்றான். கடைசித் துண்டால் தட்டைத் துடைத்தான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாப்பிடுகிறானே.

தட்டை நீட்டினான். கண்கள் என் தோளைத் தாண்டி அடுப்பருகே நின்றிருந்தன. அங்கே யாரும் இல்லை.

"நாளைக்கும் இப்படியே செஞ்சு குடு, என்ன?"

நான் கேட்டே இராத குழைவு அந்தக் குரலில்.

தட்டை நான் வாங்கவில்லை.

"ஹாலிஸ், என்னப் பாத்துக் கேளு."