வீரையாவின் ஐந்து விக்கெட்டுகள்

வீரையா இந்தியாவுக்காக ஆடியது ஆறே டெஸ்ட். போடிக்காரன், வேகப்பந்து வீச்சாளன். ஆறடி இரண்டங்குல உயரம். மதுரையில் கல்லூரிக்காக அவன் பந்து போட ஆரம்பித்தபோது, எதிரே மட்டையோடு நின்றவர்கள் ஒதுங்கி ஸ்டம்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மதராஸில் ஒரு வங்கி தன் அணிக்காக அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மூன்று வருஷம் ரஞ்சி ஆடினான். 1978 கடைசியில் இந்திய அணியில் பெயர் வந்தது.

இத்தனைக்கும் பின்னால் இருந்தவன் அண்ணன் ராஜாராம். அப்பா இறந்தபோது ராஜாராமுக்கு இருபது வயது. படிப்பை நிறுத்திவிட்டு, போடி மலையில் குரங்கணிக்கு மேலே இருந்த ஏலக்காய்த் தோட்டத்தையும் ராசிங்காபுரத்து வயலையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். லீவுக்கு வந்த தம்பி தோட்டத்துக்குக் கிளம்பினால், "ஒனக்கு இங்க என்ன சோலி? போயி பந்தப் போடு" என்று விரட்டுவான். அவனுக்குக் கிரிக்கெட் புரியாது. ஓவருக்கு எத்தனை பந்து என்பதுகூடக் கடைசிவரை தெரியாது.

கல்கத்தா டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கிய ஜீப்பு குரங்கணி வளைவில் உருண்டது. ராஜாராமுக்கு நெஞ்செலும்பு நொறுங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடன் வந்த தோட்டத்து மேஸ்திரி கண்ணுச்சாமி மண்டையில் காயத்தோடு தப்பினான். ராஜாராமின் மனைவி சந்திரவல்லி, வீரையா தங்கியிருந்த ஓட்டல் விலாசத்தைக் கண்ணுச்சாமியிடம்தான் கொடுத்தாள். "வெரசா போயி ஒரு தந்தி அடிச்சிட்டு வாண்ணே" என்றாள். அவன் தலைக்கட்டோடு போய் அடித்துவிட்டு வந்தான்.

தந்தி மறுநாள் சாயங்காலம் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் கேப்டன் வீரையாவைக் கூப்பிட்டு, நாளைக்கு நீ ஆடுகிறாய் என்று சொல்லியிருந்தார். முதல் டெஸ்ட். ஓட்டல் வரவேற்பறையில் உறையை வாங்கிப் பிரித்தான். ராஜாராம் கவலைக்கிடம், உடனே புறப்படு.

மாடிப்படியில் நின்று இரண்டு தடவை படித்தான். காய்ச்சலுக்குக்கூட ஊரில் இப்படித்தான் அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். நாளைக்கு இல்லை என்று சொன்னால் மறுபடி கூப்பிடமாட்டார்கள் என்றும் நினைத்தான். ஐந்து நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் ஓடிவிடலாம். தந்தியைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அறையில் உடன் தங்கியிருந்த ஆட்டக்காரனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளில் ஐந்து விக்கெட் எடுத்தான். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் மானேஜர் அவன் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். இரண்டாவது தந்தி அவர் பெயருக்கு வந்திருந்தது. ராஜாராம் இறந்துவிட்டான். "இதற்கு முன்னால் உனக்குச் சேதி எதுவும் வரவில்லையா?" என்று கேட்டார். வீரையா அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினான்.

ஊர் வந்து சேர்ந்தபோது எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவனுக்கு முன்பே பேப்பர் வந்துவிட்டது. அண்ணன் சாகக் கிடப்பது தெரியாமல் பந்து வீசினான் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மா மாயக்காள் முற்றத்தில் கண்ணுச்சாமியை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஒன்னைய நம்பித்தானடா அனுப்புனா? எந்தக் கடையில குடிச்சிட்டுக் கெடந்த?"

"அன்னைக்கு மத்தியானமே அடிச்சிட்டேன் ஆத்தா. சத்தியமா அடிச்சேன்." ரசீது அவனிடம் இல்லை. வீரையாவைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தான். "தம்பி, நீங்களே சொல்லுங்க. தந்தி வரலியா?"

சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. வீரையா தரையைப் பார்த்து, "வரல" என்றான்.

பங்காளிகள் கண்ணுச்சாமியைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். தோட்டத்து வேலை போயிற்று. போடியில் வேறு யாரும் அவனைச் சேர்க்கவில்லை. பெண்டாட்டி ஒச்சம்மாளோடு மலையேறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீரையா இரண்டு வருஷத்தில் ஐந்து டெஸ்ட் ஆடினான். முன்னைவிட வேகமாகப் போட்டான். அண்ணனை நினைத்துப் போடுகிறான் என்று எழுதினார்கள். முதுகில் வலி தொடங்கியபோது ஊசி போட்டுக்கொண்டு இறங்கினான். வலி தெரியாமல் போட்டதில் தண்டுவட எலும்பில் கீறல் விழுந்தது. எண்பத்தொன்றில் ஒரு மத்தியானம் பந்தைக் கையிலிருந்து விடும் நேரத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் விழுந்தான். நடக்கவே எட்டு மாதம் ஆயிற்று. ஆட்டம் அத்தோடு முடிந்தது. வங்கி நாற்காலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இடுப்பு பெல்ட்டோடு போடிக்கு வந்தான். மறுவருஷம் மாயக்காள் இறந்தாள். கடைசிவரை கண்ணுச்சாமியைச் சபித்துக்கொண்டே இருந்தாள்.

எண்பத்து மூன்றில் இந்தியா உலகக் கோப்பையை வென்ற வாரம், போடிக்காரர்கள் வீரையாவை மேடையேற்றி மாலை போட்டார்கள். ஏலக்காய் வியாபாரி ராக்கையா தலைமை. "ஒரு குடிகாரப் பய தந்தி அடிக்காம விட்டான். அண்ணன் சாகுறது தெரியாம நம்ம வீரையா அஞ்சு விக்கெட் எடுத்தாரு" என்றார். கூட்டம் கைதட்டியது. வீரையா எழுந்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

சந்திரவல்லி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மதினி, தந்தி வந்துச்சு. ஆட்டத்துக்கு மொத நாளே வந்துச்சு. நாந்தான் கிழிச்சுப் போட்டேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"மொதல்ல அவருக்குத்தான் தெரிஞ்சுச்சு. அவரப் பாத்து நானும் தெரிஞ்சுக்கிட்டேன். தந்தி போயிருச்சு, தம்பி வந்துருவாருன்னு அவருக்குச் சொல்லியிருந்தேன். பக்கத்துப் படுக்கையில ரேடியோ வச்சிருந்தாங்க. அவரு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்குவாரு. புரியாத பேச்சுக்கு நடுவுல வீரையா வீரையான்னு ரேடியோவுல சொன்னான். அதுக்கப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. சாகுற வரைக்கும் வாசலப் பாக்கல."

வீரையா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பவே ஏன் சொல்லல மதினி?"

"ஒங்க ஆத்தாளுக்கு மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தர்தான. வாய மூடிக்கிட்டேன். கண்ணுச்சாமிய அடிக்கிறப்பயும் மூடிக்கிட்டேன். அதுல எனக்கும் பங்குண்டு." அரிசியை உலையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்கிட்டப் போயிச் சொல்லுங்க."

நான்கு நாள் விசாரித்து, கேரள எல்லையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கண்ணுச்சாமியைக் கண்டுபிடித்தான். ஜீப்பு போகாத இடம். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினான். கண்ணுச்சாமி, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒற்றை ஆள்தான். ஒச்சம்மாள் மலைக்கு வந்த இரண்டாம் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் முடிந்துவிட்டதாம்.

வீரையா எல்லாவற்றையும் சொன்னான். கண்ணுச்சாமி கோடாலியைக் கீழே வைக்காமல் கேட்டான். கேட்டு முடித்ததும், "இத ஊருல வச்சுச் சொல்லுவீங்களா?" என்றான்.

"சொல்றேன்."

அந்த வாரம் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்துக்கு இருவரும் போனார்கள். சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஏலம் தொடங்குமுன் வீரையா எழுந்து நின்று சொன்னான். தந்தி வந்ததையும் கிழித்ததையும், முற்றத்தில் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "என்ன கண்ணுச்சாமி, மெரட்டிக் கூட்டியாந்தியா?" என்றார். ராக்கையா எழுந்து வந்து வீரையாவின் தோளில் கை வைத்தார்.

"அண்ணன் போன துக்கம் அப்பு. அது ஆள என்னமாச்சும் பேச வைக்கும். ஒக்காருங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரி, சரி. ஒக்காருங்க. ஊருக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல."

ராக்கையா கையைக் காட்டியதும் ஏலம் தொடங்கியது. வீரையா திரும்பிப் பார்த்தபோது கண்ணுச்சாமி வெளியே போயிருந்தான். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தான். வேறு ஊர்களிலும் சொல்கிறேன், பேப்பருக்கு எழுதுகிறேன் என்றான். கண்ணுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"வேணாம். இனிமே என்னையத் தேடி வராதீங்க."

குரங்கணி பஸ்சு வந்தது. ஏறிக்கொண்டான்.

சந்திரவல்லி தன் பங்கைப் பிரித்துக்கொண்டு ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டாள். வீரையா பேப்பருக்கு எழுதியதை யாரும் போடவில்லை. ஊரில் அண்ணன் பெயரில் வருஷாவருஷம் ஒரு கிரிக்கெட் போட்டி நடத்தினார்கள். கோப்பை கொடுக்க வீரையாவைக் கூப்பிடுவார்கள். கொடுப்பதற்கு முன் மைக்கில் தந்திக் கதையை வாசிப்பார்கள். முதல் வருஷம் மறுத்துப் பேசப் போனவனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் அவன் போகவில்லை. மூன்றாம் வருஷம் போய், வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்தான்.