இரண்டு ஜிஷா, இரண்டு வண்டி

தோவாளையில் பூ வியாபாரம் செய்துவந்த நாராயணபெருமாள், கல்யாண மேடை அலங்காரத்திலும் இறங்கியபோது அதை நடத்த லீமாவை வேலைக்கு வைத்தார். லீமா முட்டத்துக்காரி. கொச்சியில் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையைப் பார்த்தவள். 2016 தொடக்கத்தில் வந்து சேர்ந்ததும் எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். என்ன வேலை, எங்கே என்று அதில் சொல்வாள். மற்றவர்கள் 'ஓகே' போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஒரு நாள், பெரிய வண்டி ஓட்டும் ரதீஷ் நாகர்கோவில் மண்டபம் ஒன்றிலிருந்து அவளை அழைத்தான். மண்டபத்தில் மேலே ஒரு ஹால், கீழே ஒரு ஹால். எதில் இறக்குவது என்று கேட்டான்.

"மெசேஜ்ல எல்லாம் இருக்குல்லா? வாசிக்கத் தெரியாதா ரதீஷ்? ஒவ்வொண்ணுக்கும் என்னை விளிக்கணுமா?"

ரதீஷ் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். இறக்க நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். "சரி மேடம்" என்று வைத்துவிட்டான். மெசேஜில் ஹாலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. லீமா அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் அவளை அழைத்து எதுவும் கேட்கவில்லை. தன் ஏற்பாடு சரியாக ஓடத் தொடங்கிவிட்டது என்று லீமா நினைத்துக்கொண்டாள். "இப்பம் ஒருத்தரும் சும்மா போன் பண்ணுகதில்ல அண்ணாச்சி" என்று பெருமாளிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தது. இரண்டிலும் பெண்ணின் பெயர் ஜிஷா. ஒருத்திக்குக் குழித்துறையில் மண்டபக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலமே வரவேற்பு. தாமரையும் மஞ்சள் கிரேந்திப் பூவும் பிச்சியும் கேட்டிருந்தார்கள். இன்னொருத்திக்குக் குளச்சலுக்குப் பக்கத்தில் மாதா கோயில் கல்யாணம். காலைத் திருப்பலிக்கு முழுக்க வெள்ளைப் பூ.

மேடைகளை வடிவமைப்பவள் சிந்தியா. முந்தின நாள் காலையில் வெள்ளைப் பூ வேலையை முதலில் முடித்தாள். அந்தப் பெட்டிகளை மூடி 'ஜிஷா 1' என்று எழுதினாள். அடுத்து முடித்தவற்றில் 'ஜிஷா 2' என்று எழுதினாள். லீமாவின் கணக்கில் குழித்துறைதான் ஒன்று. அவர்கள்தான் முதலில் வந்து பேசியவர்கள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மத்தியானம் லீமா நாகர்கோவிலிலிருந்து குரல் செய்தி அனுப்பினாள். "ஒண்ணாம் ஜிஷா பெரிய வண்டி, ரெண்டாம் ஜிஷா சின்ன வண்டி. ஒடனே ஏத்துங்க."

பெரிய வண்டி குழித்துறைக்குப் போகிறது என்பது ரதீஷுக்குத் தெரியும். மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பது சிந்தியாவுக்குத் தெரியும். வண்டி எங்கே போகிறது என்பது தெரியாது. லீமா சொல்கிற ஒன்றும் தான் எழுதிய ஒன்றும் ஒன்றுதானா என்று ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. 'அக்கா, எது ஒண்ணு?' என்று டைப் செய்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அழித்துவிட்டு 'ஓகே' போட்டாள்.

குழித்துறை மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்தார்கள். வெள்ளைக் கார்னேஷன், வெள்ளை லில்லி. ஈரத்துணி சுற்றிய சட்டத்தைப் பிரித்தால், ஆளுயரச் சிலுவை. பெண்ணின் பெரியம்மா தாணம்மாள் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே, இது என்னதுலே? வேற யாரு வீட்டு பூவைக் கொண்டாந்திருக்க?"

ரதீஷ் லீமாவை அழைத்தான். லீமா கேட்ட முதல் கேள்வி, "யாரு ஏத்தினது?" என்பதுதான். சிந்தியாவையும் சின்ன வண்டி ஓட்டும் பிரபினையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டு மறுபடியும் கேட்டாள். மூன்று பேர் மூச்சுவிடுவது கேட்டதே தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் சிந்தியாதான் பேசினாள். "அக்கா, எனக்கு அப்பவே சம்சயமாத்தான் இருந்து. கேக்கலாம்னு டைப் பண்ணினேன். பொறவு அழிச்சிட்டேன்."

"ஏன் அழிச்ச?"

"கேட்டா ஏசுவீங்கல்லா."

லீமாவுக்கு முகம் சூடேறியது. திட்ட வார்த்தையும் வந்துவிட்டது. திட்டினால் மூன்று பேரும் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள்; பூ குழித்துறைக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"ரதீஷ், வழி உனக்குத்தான் தெரியும். இப்ப என்ன செய்யலாம்? நீ சொல்லு."

அவன் தயங்கினான். "நான் சொல்லட்டா மேடம்?"

"சொல்லு."

"தக்கலை சுத்தி வந்தா டிராபிக் பிளாக்குல மாட்டுவோம். பிரபின் குளச்சல்ல இருந்து கருங்கலுக்கு ஏறி வரட்டும். நானும் அங்க வாறேன். அங்க வச்சு மாத்திக்கலாம். சிந்தியாவை இங்க அனுப்பி விடுங்க, பூ வரதுக்குள்ள மேடைச் சட்டத்தையாவது நிறுத்திரலாம்."

"சரி. பிரபின், உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"கருங்கல் சந்தைப் பக்கம் வேண்டாம், வண்டி திருப்ப முடியாது. பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல நிக்கேன்."

லீமா நேராகக் கருங்கலுக்குப் போனாள். பெட்டிகளை வண்டியிலிருந்து வண்டிக்கு மாற்றும்போது அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். அவசரத்தில் லில்லி கொஞ்சம் நசுங்கியது. ரதீஷோடு குழித்துறை போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். மேடையின் பின்பக்கம் வெறும் சட்டமாக நிற்க, பாதி அலங்காரத்தில்தான் அந்த ஜிஷா வந்து உட்கார்ந்தாள். தாணம்மாள் எல்லோர் முன்னாலும் ரதீஷைப் பிடித்துக்கொண்டாள். லீமா இடையில் போய் நின்றாள்.

"அவனை ஏசாதீங்க பெரியம்மா. அவன் கிட்ட தப்பு இல்ல. நான் சொன்னது தெளிவா இல்ல. என்னை ஏசுங்க."

தாணம்மாள் குறை வைக்காமல் ஏசினாள். லீமா நின்று கேட்டாள்.

மறுநாள் குளச்சல் பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நசுங்கிய லில்லிகளை எடுத்துவிட்டு சிந்தியா பிச்சிப் பூ வைத்து நிரப்பியிருந்தாள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட பெருமாள் போன் செய்து, "எவன் செஞ்ச வேலை?" என்றார். "என் மெசேஜ்தான் அண்ணாச்சி" என்றாள் லீமா. அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் லீமா எல்லோரையும் பூ கட்டும் கொட்டகையில் உட்காரவைத்தாள். எங்கே தவறுகிறது, வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றாள். ஆளாளுக்குக் கொட்டப்போகிறார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒருவரும் பேசவில்லை. தேநீர் குடித்தார்கள், எழுந்து போனார்கள்.

அடுத்த வேலைக்கு முன்னால் வேறு மாதிரி முயன்றாள். என்ன செய்ய வேண்டும் என்று நேரில் சொல்லிவிட்டு, "நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது? திருப்பிச் சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும்" என்றாள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். முதலில் பிரபினுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும்.

அப்போதுதான் ரதீஷ் சொன்னான். "மேடம், ஒண்ணு சொல்லுகேன், கோவப்படாதீங்க. வண்டி ஓட்டும்போது உங்க வாய்ஸ் மெசேஜை கேக்க முடியாது. கேக்காமலே ஓகே போட்டிருக்கேன்."

"எத்தன தடவ?"

"நெறைய தடவ."

லீமா மற்றவர்களைப் பார்த்தாள். சிந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை மாதமாகக் குரூப்பில் விழுந்த ஓகேக்களில் எத்தனை வெறும் ஓகே என்று லீமா போனை எடுத்து மேலே தள்ளிப் பார்த்தாள். அன்றிலிருந்து வண்டிக்காரர்களுக்குக் குரல் செய்தி அனுப்புவதை நிறுத்தினாள். பெட்டியில் மணமக்கள் பெயரோடு ஊர்ப் பெயரும் எழுத வேண்டும் என்றாள்.

குழித்துறைக்காரர்கள் பிறகு அவர்கள் பக்கமே வரவில்லை. பிரபின் மார்கழிக்குள் கத்தாருக்குப் போய்விட்டான். போவதற்கு லீமா காரணமில்லை என்று சிந்தியா சொன்னாள். லீமாவுக்கு அதை முழுசாக நம்ப முடியவில்லை.

தை மாதம் மயிலாடியில் ஒரு புது வீட்டுத் திறப்பு விழா. லீமா அந்த வீட்டுக்காரர்களோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். ரதீஷ் வந்து இடையில் நின்றான்.

"மேடம், பூ வளைவு இந்த வாசலுக்கா, அந்த வாசலுக்கா?"

அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். அவன் காட்டிய மற்றது மாட்டுத் தொழுவம். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். லீமாவுக்கு எரிச்சல் நாக்கு நுனி வரை வந்தது.

"இந்த வாசலுக்குத்தான் ரதீஷ்" என்றாள். "வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் ஏணியை எடுக்கப் போனான்.