பெண்கள் பெஞ்சில் ஓர் ஆள் குறைவு

மெலேசியோ இறந்த ஒன்பதாம் நாள், ஜெபம் முடிந்து விளக்கேற்றியதும், கிளி விளையாட்டுக்காக ஆண்கள் ஒரு பெஞ்சிலும் பெண்கள் எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது, ஆண்கள் பக்கம் ஓர் ஆள் கூடுதல். இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் துக்க வீட்டில் இதைத் தொடங்குவதில்லை. விளையாட்டின் அரசனாக உட்கார்ந்திருந்த செவெரோ பெரியவர் ஆண்கள் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"இலாரியோன், நீ அந்தப் பக்கம் போ."

"மீசை முளைக்கிற வரைக்கும் அங்கயே இருடா!" என்றார் ஆண்கள் வரிசையில் ஒருவர்.

"டவுனுக்குச் சாயங்கால வகுப்புக்குப் போற புள்ளப்பா அது. பாட்டுக் கட்டும். பொண்ணுங்களுக்கு லாபம்தான்" என்றார் இன்னொருவர்.

ஆண்கள் பக்கத்துக்கென்று எழுதி மனப்பாடம் செய்து வந்திருந்த செய்யுள்கள் எதற்கும் உதவாது என்று எழுந்தபோதே தெரிந்துவிட்டது. தெயோபிஸ்தா அக்கா தன் தோள்துணியை என் தலையில் கட்டிவிட்டாள். "குனிஞ்சு உக்காரு. அழகாத்தான் இருக்க." பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒனோராத்தா சிரிக்கவில்லை. அவள்தான் மெலேசியோவின் மனைவி. தெயோபிஸ்தா அக்காவின் கணவர் கிறிஸ்புலோ, இறந்தவருடைய அண்ணன்.

விளையாட்டு இதுதான். அரசனின் கிளி காணாமல் போய்விடும். ஓர் ஆண் எழுந்து, பாட்டிலேயே ஒரு பெண்ணை 'நீதான் திருடி' என்பான். அவள் பாட்டில் மறுக்க வேண்டும். அல்லது அவள் பெஞ்சிலிருந்து யாராவது அவளுக்காகப் பாடலாம். திணறினால் உள்ளங்கையில் மரச்செருப்பால் அடி. எல்லாரும் சிரிப்பார்கள். துக்கம் கொஞ்சம் இளகும்.

எனக்கு அன்று தொடக்கத்திலிருந்தே பயம். வரும் வழியில் கிறிஸ்புலோ அண்ணன் எங்களிடம் சொல்லியிருந்தார்: "என் தம்பி ஆத்தையே நீந்திக் கடக்கிறவன். மீன் வளக்கிற ஒரு குளத்துல எப்படிச் செத்தான்? இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்த ஒனோராத்தா வாயாலயே வரவைக்கிறேன். திணறட்டும், அதே குளத்துக்கு இழுத்துட்டுப் போறேன்." யாரும் மறுக்கவில்லை. நானும் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். மெலேசியோ அண்ணனை எனக்குப் பிடிக்கும். வகுப்பு முடிந்து திரும்பும்போது குளத்து வரப்பு வழுக்கும் என்று விளக்கோடு வந்து என்னைக் கூட்டிப்போவார். யார் வீட்டில் கூரை வேய்ந்தாலும் முதல் ஆளாக ஏறுவார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அதே மெலேசியோ அண்ணனின் இன்னொரு பக்கம் என் காதில் விழுந்தது. எதிரே பாட்டு நடந்துகொண்டிருக்க, பெண்கள் உதடு அசையாமல் பேசிக்கொண்டார்கள்.

"கை இன்னும் வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்கும்."

"அவன் முறுக்கின எலும்பு கோணலாக் கூடிருச்சுடி."

ஒனோராத்தாவின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். கை ஒரு பக்கமும் முழங்கை வேறொரு பக்கமும் பார்த்திருந்தன. எத்தனையோ முறை அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். எப்போதும் அவளுக்கு எதிரில் ஆண்களோடு உட்கார்ந்துதான். அந்தக் கையை அவள் பாவாடை மடிப்புக்குள் வைத்திருப்பாள் போலிருக்கிறது. அல்லது நான் பார்க்கவே இல்லையோ, தெரியவில்லை.

அப்போது கிறிஸ்புலோ அண்ணன் எழுந்தார். இடுப்பில் அரிவாள் இருந்தது. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

"அரசனின் கிளியது பாடும் கிளி,
ஆற்றங் கரைகளில் ஆடும் கிளி;
நீரில் கிடந்தது சிறகொடிந்து,
நின்றவள் யாரெனத் தேடும் விழி."

அவர் விழிகள் ஒனோராத்தா மேல் நின்றன.

யாரும் சிரிக்கவில்லை. இந்த விளையாட்டில் கிளி தொலையும், பறக்கும், மரத்தில் ஒளியும். இதுவரை யாரும் அதைத் தண்ணீரில் சாகடித்ததில்லை. செவெரோ பெரியவர் நிறுத்தியிருக்கலாம். அவர் கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். பதில் வர வேண்டும் என்று பொருள்.

ஒனோராத்தா வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது.

தெயோபிஸ்தா அக்கா என் காதருகே குனிந்தாள். "நீ பாடு."

"நானா?"

"மெலேசியோ தண்ணிலேர்ந்து கூப்பிட்டது இவ காதுல விழுந்துச்சு. போகல. இவளுக்குப் பொய் வராது, கேட்டா சொல்லிருவா. பாடுடா."

"நீங்க பாடுங்க அக்கா."

"நான் பாடினா வீட்டுல இந்த மனுஷன் கையால எனக்குத் தனி ஆட்டம்."

கோல் மறுபடி தட்டியது. கேட்டும் போகாதவளுக்காக நான் எப்படி மறுப்பேன்? எனக்கு விளக்குப் பிடித்தவரை நானே எப்படித் திட்டிப் பாடுவேன்? இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், உட்கார வேறு பெஞ்சு இல்லை. எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"கூண்டைத் திறந்தது நானே, அரசே,
குளத்தில் விழுந்ததும் அதனால், அரசே;
ஈண்டிவள் வாயைத் திறக்கச் சொல்லாதீர்,
இதோஎன் உள்ளங்கை, அடிப்பீர், அரசே."

சிலர் பெருமூச்சு விட்டார்கள். செவெரோ பெரியவர் அவசரமாக, "திருடி ஒத்துக்கிட்டா. ஒரு அடி. முடிஞ்சுது" என்றார்.

கிறிஸ்புலோ அண்ணன் மரச்செருப்பை எடுத்தார். முதல் அடியிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். "உன்னைக் கேக்கலடா. அவளைக் கேட்டேன். அவ சொல்லட்டும்." விரல் கணுவில் ஏதோ பிசகியது. நான் கத்தினேன்.

"போதும், மச்சான்" என்றாள் ஒனோராத்தா. "அவர் கூப்பிட்டாரு. கேட்டுச்சு."

செருப்பு காற்றில் நின்றது. அவருடைய மற்றொரு கை இடுப்புக்குப் போனது.

"அவர் எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவாரு. அந்தக் குரல்ல கூப்பிட்டா அடி விழும். குடிச்சிட்டு வாசல்ல நிக்கிறாருன்னு நெனச்சு, கதவைத் தாப்பா போட்டேன். தண்ணிலேர்ந்துன்னு தெரியல. ரெண்டாந்தடவை கூப்பிட்டப்போ கொஞ்சம் தெரிஞ்சுது. அப்பவும் தொறக்கல."

அரிவாள் பாதி வெளியே வந்துவிட்டது. எதிர் பெஞ்சில் ஒருவரும் எழவில்லை. நான் அவளுக்கு முன்னால் நின்றேனா, பின்னால் நகர்ந்தேனா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"எனக்கும் கேட்டுச்சு."

சொன்னது தெயோபிஸ்தா அக்கா. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"நம்ம சமையக்கட்டு ஜன்னல் குளத்தைப் பாத்துதான இருக்கு? கேட்டுச்சு. இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டான்னு ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து ஜன்னலும் சாத்தின சத்தம் வந்துச்சு."

அவளுக்கு அடுத்திருந்தவள் தலைகுனிந்தாள். அதற்கடுத்தவளும்.

கிறிஸ்புலோ அண்ணன் மனைவியைப் பார்த்தார். அவர் குரல் சிறுத்துப் போயிருந்தது. "நான் கூப்பிட்டிருந்தா?"

அக்கா யோசித்தாள். அவள் யோசித்ததுதான் எல்லாரையும் கலக்கியது. உடனே பதில் சொல்லியிருந்தால் அது சண்டையாகியிருக்கும்.

"நீ என்னைக் கூப்பிடுற குரலும் எனக்குத் தெரியும்" என்றாள்.

அரிவாள் உறைக்குள் இறங்கியது. அவர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். ஆண்கள் ஒவ்வொருவராகத் எதிர் பெஞ்சில் தங்கள் மனைவியின் முகத்தைத் தேடினார்கள். கண்டவுடன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை. வீட்டுக்குப் போனால் அவரவர் மனைவியோடுதான் போக வேண்டும்.

வழக்கப்படி பெண்கள் இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து ஆண்கள் கைகளில் கொடுத்தார்கள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்த கைகளைப் பார்த்தார்கள்; ஒருவரும் குடிக்கவில்லை. கோப்பைகளிலிருந்து ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

நான் இன்னும் பெண்கள் பெஞ்சில்தான் இருந்தேன், தலையில் துணியோடு. வீங்கிய கையால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. ஒனோராத்தா தன் கோணல் கையால் அதை என் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். எதிரே இருந்தவர்கள் அத்தனை பேரும், நான் விழுங்குகிறேனா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.