யாரோடு குப்பை கொட்டுகிறோம்?

திட்டக்காரி எழுதிய முதல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். 'நீண்டகாலத் திடக்கழிவு மேலாண்மை உத்தி வகுத்தலில் சமூகப் பங்கேற்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, நகராட்சி அலுவலக வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒட்டியிருந்தாள். வந்தவர் வயதானவர். கையில் ஒரு உறை வைத்திருந்தார். உள்ளே அவருடைய வயிற்றுப் பரிசோதனை முடிவுகள்.

"திடக்கழிவுன்னு போட்டிருந்தீங்களே. எனக்கு அதுதாம்மா ரொம்ப நாளா பிரச்சினை."

அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பழம் நிறையச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவைத்தாள். அதோடு கூட்டம் முடிந்தது.

"தமிழ்ல எழுதும்மா," என்றார் அவளுடைய மேலதிகாரியான பொறியாளர்.

"அது தமிழ்தான் சார்."

"அது கோப்புக்குள்ள இருக்கற தமிழ். வீட்ல பேசற மாதிரி எழுது."

வீட்டில் பேசுகிற மாதிரி. வினை அங்கேதான் தொடங்கியது.

திட்டக்காரி என்பது அவளுக்கு மாமியார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் ஆபீசில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "திட்டப் பிரிவு, அத்தை" என்று சொன்னாள். "திட்டறதுக்குத் தனியா ஒரு பிரிவா? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று மாமியார் ஆச்சரியப்பட்டார். மறுநாளே பக்கத்து வீடுகள் வரை அந்தப் பெயர் பரவிவிட்டது. பிறகு அலுவலகத்துக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தில் மற்றதெல்லாம் சுலபம். வீட்டுக்கு இரண்டு தொட்டி, தெருவுக்கு ஒரு வண்டி, வட்டாரத்துக்கு ஒரு தரம் பிரிக்கும் கூடம். அந்தக் கூடத்துக்கான இடம்தான் தொண்டையில் சிக்கிய முள். லாரி திரும்ப வேண்டும், சாக்கடை கிட்டே இருக்க வேண்டும், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தள்ளி இருக்க வேண்டும். வரைபடத்தை எப்படித் திருப்பிப் போட்டு அளந்தாலும் ஒரே ஒரு காலி மனைதான் தேறியது. அது அவள் வாழப் புகுந்த வீட்டின் சமையலறை ஜன்னலை ஒட்டி இருந்தது.

ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர் பொதுக்கூட்டத்தில் எழுந்து வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாவிட்டால் திட்டம் அலமாரிக்குள் போய்விடும். வீட்டுக்காரர் என்றால் மாமியார். வீடு அவர் பெயரில் இருந்தது. ஜன்னலும் அவருடையதுதான், மூக்கும் அவருடையதுதான்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திட்டக்காரி மூன்று வாரமாகக் குழைந்துகொண்டிருந்தாள். உப்பில்லாத குழம்பைப் புகழ்ந்தாள். மாமியார் தொலைக்காட்சியில் பார்க்கும் அழுமூஞ்சித் தொடரைக் கூடவே உட்கார்ந்து பார்த்து, சரியான இடங்களில் அழவும் செய்தாள். வாயைத் திறக்கும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இதற்கு நடுவில்தான் இரண்டாவது அறிவிப்பை எழுதினாள். வீட்டில் பேசுகிற மாதிரியே.

'இத்தனை ஆண்டுகளாக எப்படிக் குப்பை கொட்டுகிறோம்? யாரோடு குப்பை கொட்டுகிறோம்? இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் எப்படிக் குப்பை கொட்டப் போகிறோம்? வாருங்கள், மனம்விட்டுப் பேசலாம். தேநீர் உண்டு.'

எழுதி முடித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. 'யாரோடு' என்பதற்கு அவள் மனதில் நினைத்திருந்தது எந்தெந்தத் தெரு எந்தெந்தத் தெருவோடு சேர்ந்து ஒரே லாரியில் கொட்டுகிறது என்பதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தின் மாடிக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ஓரகத்திகள் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் நட்டநடுவில் மாமியார், மடியில் கைப்பையோடு. அறிவிப்பு சுவரில் ஏறிய நாளிலிருந்து அவர் மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காபி டம்ளரைக் கூடச் சற்று ஓசையோடுதான் வைத்துவிட்டுப் போனார்.

"பார்த்தியா? சாதாரணத் தமிழோட சக்தி!" என்று பொறியாளர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

திட்டக்காரி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும் வணக்கம். குப்பை கொட்டறதுல உங்களுக்கு என்னென்ன சிரமம்? தயங்காம சொல்லுங்க."

மின்சார மீட்டர் கணக்கெடுப்பவரின் மனைவி சட்டென்று எழுந்தார். "நான் சொல்றேன். முப்பத்திரண்டு வருஷமா இந்த மனுஷனோட குப்பை கொட்டிட்டிருக்கேன். ஊர்ல எல்லார் வீட்டு மீட்டரையும் உத்து உத்துப் பார்ப்பார். என் மூஞ்சியை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்ததில்ல."

"பார்த்தா ரீடிங் எகிறுது," என்றார் மீட்டர்க்காரர், உட்கார்ந்தபடியே.

கூடம் கொல்லென்று சிரித்தது. திட்டக்காரி சுவரிலிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தாள். தன் கையால் எழுதியதை முதல்முறையாகப் படிப்பது போல இருந்தது. ஒவ்வொரு வரியும் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

"அம்மா, நான் கேட்டது நிஜமான குப்பையைப் பத்தி."

"நானும் நிஜத்தைத்தானே சொல்றேன்!"

அடுத்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, தன் அண்ணனோடு ஒரே கடையில் குப்பை கொட்டும் கொடுமையை விவரித்தார். கூட்டம் கையை விட்டு நழுவுவதைக் கண்ட திட்டக்காரி குரலை உயர்த்தினாள். "பிரச்சினைக்கு ஒரே வழி, எல்லாத்தையும் ஆரம்பத்துலேயே பிரிச்சுக் கொடுத்துடணும்!"

"அப்படிச் சொல்லுங்க! பிரிச்சுக் கொடுடான்னுதான் நான் பத்து வருஷமா எங்க அண்ணன்கிட்ட கெஞ்சறேன்!" என்று கண்ணாடிக் கடைக்காரர் கைதட்டினார்.

"இல்லங்க, மக்கற குப்பை பச்சைத் தொட்டியில, மக்காத குப்பை நீலத் தொட்டியில..."

"எங்க வீட்ல ஒரு மக்கு இருக்கு. அது எந்தத் தொட்டி?" என்று கேட்டார் மீட்டர்க்காரரின் மனைவி. மீட்டர்க்காரர் அன்று பச்சைச் சட்டை போட்டிருந்தார். அது போதாதா? சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இடத்தைச் சொல்லும்மா. இவங்க சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது சொல்லிடு," என்று பொறியாளர் காதோரம் கிசுகிசுத்தார்.

திட்டக்காரி வரைபடத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தாள். காலி மனை மேல் சிவப்புக் கொடி குத்தியிருந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது தன் வீட்டுப் பக்கத்தில் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு முகமாக மலர்ந்தது.

"பிரமாதமான இடம்!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"நல்ல காத்தோட்டம்," என்றார் மீட்டர்க்காரர்.

யாரோ கைதட்ட, கூடமே தட்டியது. முதல் வரிசையில் மடியிலிருந்த கைகள் மட்டும் அசையவில்லை. கைதட்டல் தானாகக் கூச்சப்பட்டு ஓய்ந்தபோது மாமியார் எழுந்து நின்றார்.

"என் குழம்பைப் புகழ ஆரம்பிச்சப்பவே நினைச்சேன்."

"அத்தை, வீட்லயே சொல்லணும்னுதான்..."

"வீட்ல சொல்லாததை சுவத்துல ஒட்டியிருக்கியே. 'யாரோடு குப்பை கொட்டுகிறோம்'னு. பால்காரர் அதைப் படிச்சுட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டறார்."

"ஐயோ, அது உங்களைப் பத்தி இல்ல, அத்தை!"

"பின்ன வேற யாரோட கொட்டறே?"

மாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கைதட்டினவங்க கொஞ்சம் இருங்க. அந்த மனையில இப்பவே மலை மாதிரி கிடக்கே, அதெல்லாம் வானத்துலேருந்தா விழுந்துது? இருட்டினதும் பையைத் தூக்கிக்கிட்டு யார் யார் வராங்கன்னு என் ஜன்னலுக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்காரரே, உங்க பை எப்பவும் பாதி வழியில கிழியும். நேத்து அதுலேருந்து விழுந்த பனியன்ல எத்தனை ஓட்டைன்னு சொல்லட்டுமா?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி மிகுந்த அக்கறையோடு துடைக்கத் தொடங்கினார். வேறு சிலருக்கும் திடீரென்று செருப்பு வாரில் வேலை வந்தது.

"அங்க குப்பை பிரிக்கற கூடம் வந்தா கூரை இருக்கும், பூட்டு இருக்கும், கேக்கறதுக்கு ஒரு ஆளாவது இருக்கும். இப்ப அதுவும் இல்ல. அதனால எனக்குச் சம்மதம்."

பொறியாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஆனா ஒரு நிபந்தனை."

பாதி எழுந்தவர் மீண்டும் உட்கார்ந்தார்.

"இது எத்தனை வருஷத் திட்டம்?"

"இருபத்தஞ்சு வருஷம், அத்தை."

"போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப அந்த இருபத்தஞ்சு வருஷமும் அந்த ஜன்னல்கிட்ட நீயும் நிக்கணும். நாத்தத்தை என் மூக்குக்கு எழுதிவெச்சுட்டு, நீங்க ரெண்டு பேரும் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி மூணாவது மாடிக்குப் போறது என்ன நியாயம்?"

திட்டக்காரிக்குக் காது சூடானது. போன மாதம் அவளும் கணவனும் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்த வீடு அது. சிறிய பால்கனி, நிறைய வெளிச்சம். வீட்டில் அதைப் பற்றிக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசியிருந்தார்கள்.

"தண்ணியைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதுன்னு நினைச்சீங்க. தொட்டிதான் காலியாச்சு," என்றார் மாமியார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "மேடம், இந்த நிபந்தனையை எப்படி எழுதறது?"

"அப்படியே எழுதுப்பா. மாமியாரோட குப்பை கொட்ட மருமகளுக்குச் சம்மதமான்னு," என்றார் மீட்டர்க்காரரின் மனைவி.

திட்டக்காரி மாமியாரைப் பார்த்தாள். குரலில் அத்தனை மிடுக்கு. ஆனால் விரல்கள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கி, நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. பேசாமல் டம்ளரை ஓசையோடு வைத்த அத்தனை நாளும் இதைக் கேட்கத்தான் அவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்ததோ?

"இருபத்தஞ்சு ரொம்ப ஜாஸ்தி, அத்தை. அஞ்சு," என்றாள்.

"இருபது."

"ஏழு."

"பதினஞ்சுக்குக் கீழ இறங்காதீங்கம்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொரு பக்கம் இளம் மனைவிகள் சிலர், "ஏழே அதிகம்!" என்று குரல் கொடுத்தார்கள். பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எந்த நீண்டகாலத் திட்டமா இருந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுஆய்வு உண்டு. அது விதி," என்றாள் திட்டக்காரி. "பிடிச்சிருந்தா நீட்டிக்கலாம்."

"யார் ஆய்வு பண்றது?"

"ரெண்டு தரப்பும் உக்காந்துதான்."

"பிடிக்கலைன்னா?"

"அதையும் குழாயைத் திறக்காமப் பேசணும்."

கைப்பை வாரிலிருந்து மாமியாரின் ஒரு விரல் விடுபட்டது. "குழம்புல உப்பு இல்லைன்னா அன்னைக்கே சொல்லணும். அஞ்சு வருஷம் காத்திருக்கக் கூடாது."

"இன்னைக்கே சொல்லிடறேன், அத்தை. நேத்து சுத்தமா இல்ல."

"தெரியும். வேணும்னுதான் போடல. நீ எவ்வளவு தூரம் பொய் சொல்றேன்னு பார்த்தேன்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்புக்கு நடுவில் திட்டக்காரிக்கு ஒன்று உறைத்தது. "அத்தை, அவரையும் ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"என் பையனையா? அவன் மக்கற ரகம். எங்க போட்டாலும் கலந்துடுவான்." மாமியார் வலது கையை உயரத் தூக்கினார். "சம்மதம்."

அதற்குப் பிறகு கையைத் தூக்காமல் இருக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, கண்ணாடிக் கடைக்காரர் உட்பட. அவர் இரண்டு கையையும் தூக்கினார். எழுத்தர் ஒன்றாகத்தான் எண்ணிக்கொண்டார்.

தேநீர் மேசையருகே திட்டக்காரியின் போன் அடித்தது. கணவன்தான்.

"என்னாச்சு? அம்மா சத்தம் போட்டாங்களா?"

"சம்மதிச்சுட்டாங்க."

"அப்பாடா! அப்ப நல்லதாப்போச்சு. குப்பைக் கூடம் கட்டி முடிக்கறதுக்குள்ள நாம கிளம்பிடலாம். அந்த மாடிக்காரர்கிட்ட நாளைக்கே பேசி முடிச்சுடவா?"

மாமியார் பக்கத்தில் நின்று பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். பார்வை முழுக்க பிஸ்கட் மேல். காது மட்டும் இந்தப் பக்கம்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் திட்டக்காரி. "எதிர்த் தரப்புகிட்ட கொடுக்கறேன்."

மாமியார் போனை வாங்கிக்கொண்டார். பிஸ்கட்டை நிதானமாக மென்று விழுங்கினார். தொண்டையைச் செருமினார்.

"சொல்லுப்பா," என்றார். "எந்த மாடி?"