வின்சன்ட் பாஸின் விலைத்தாள்

கொழும்பிலிருந்து துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்திறங்கும் தளபாடங்களைப் பூட்டிக் கொடுப்பதில் மன்னார்த் தீவில் வின்சன்ட் பாஸை மிஞ்ச ஆளில்லை. மூன்று கதவு அலுமாரியை அவர் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார் என்று தாழ்வுபாட்டில் சொல்வார்கள். அதே கதை பேசாலைக்குப் போகும்போது அவருடைய ஒரு கையையும் கட்டிவிடுவார்கள். தலைமன்னாருக்குப் போய்ச் சேரும்போது மனுசன் நித்திரையிலேயே பூட்டுவார். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது வேலையால் அல்ல, விலைத்தாளால்.

மகள் ஜெனுஷா கொம்பியூட்டரில் அடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுத்த தாள் அது. கட்டில் மூவாயிரம். மேசை இரண்டாயிரம். இரண்டு கதவு அலுமாரி மூவாயிரத்து ஐந்நூறு, அதற்குமேல் கதவுக்கு எழுநூற்றைம்பது. இழுக்கிற லாச்சிக்கு இருநூறு, கண்ணாடிக்கு ஐந்நூறு. இவ்வளவும் மகளின் கணக்கு. அதற்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது வின்சன்ட்டின் சொந்தச் சேர்க்கை: வீட்டுக்காரர் தானே பூட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிட்டால் இரட்டிப்பு. செய்முறைத் தாளைக் கழுதை தின்றிருந்தால் ஆயிரம் மேலதிகம். பக்கத்தில் நின்று புத்தி சொல்பவர்களுக்குத் தலைக்கு இருநூறு.

கழுதை விசயம் பகிடி இல்லை. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளுக்கு மட்டைப்பெட்டி என்றால் உயிர். பெட்டியை வாசலில் உடைத்து வைத்துவிட்டு உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போனால், திரும்பி வரும்போது பெட்டியும் இராது, தாளும் இராது. பெரியகடைப் பக்கம் ஒரு கழுதை ஒரு பை ஸ்குரூ ஆணியையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மூன்று மாதம் கோயில் மணி மாதிரிக் கிலுங்கிக்கொண்டு திரிந்ததாம். வின்சன்ட் தன் காதால் கேட்டவர்.

அந்த விலையில் ஒரு சதம் இறங்கமாட்டார். பங்குச் சுவாமிக்கும் அதே விலை, அரசாங்கக் கந்தோருக்கும் அதே விலை. சொந்த மாமியாருக்குக் கட்டில் பூட்டின அன்று அந்த மனுசி ஒரு புத்தி சொன்னதற்கு இருநூறு கறந்துவிட்டார் என்றும், அந்தக் காசைச் செலவழிக்க மனமில்லாமல் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார் என்றும் ஊரில் கதை.

ஒரேயொரு ஆளுக்கு மட்டும் அவரிடம் விலை கிடையாது. எருக்கலம்பிட்டி அப்துல் றசாக்.

றசாக்குக்குப் பஜாரில் இரும்புச் சாமான் கடை. சண்டை முடிந்து, வின்சன்ட் வன்னியில் அகப்பட்டு, முகாமிலும் இருந்துவிட்டு உடுத்த உடுப்போடு வந்த காலத்தில், றசாக்கும் இருபது வருடம் புத்தளத்தில் அகதியாகக் கிடந்துவிட்டு வந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். கடைக்குள் மொத்தமாக நாலு ஆமைப் பூட்டும் ஒரு ட்ரில் மெசினும்தான் இருந்தன. அந்த மெசினைத் தூக்கி வின்சன்ட்டின் கையில் வைத்து, கொண்டுபோய் உழைச்சுப் பார் என்றார். அதன் விலையை அவர் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. அன்று தொடங்கிப் பதினாலு வருடம், பின்னேரம் ஐந்து மணியானால் கடையின் பின்பக்கத்தில் சீமெந்து மூட்டைகளில் குந்தியிருந்து இரண்டு பேரும் பிளேன்ரீ குடிப்பார்கள். குடித்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றினால் கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாய்ந்திருக்கும்.

றசாக்கின் இளைய மகள் முஸ்பிராவுக்குக் கலியாணம் ஒழுங்கானது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் அங்கே வழக்கம். ஆகவே அறையைப் பெண் வீட்டார் ஒழுங்குபண்ண, கலியாணத்துக்குக் கிட்டடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதல்ல. மெத்தையை அமுக்கி, லாச்சிகளை இழுத்து, கட்டிலுக்குக் கீழேயும் தலையை விட்டுப் பார்ப்பார்கள். றசாக் நாலு மாத உழைப்பை அப்படியே கொண்டுபோய்க் கொட்டி, ஆறு கதவு அலுமாரி, கட்டில், கண்ணாடி மேசை எல்லாம் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தார். மூத்தவளின் அறையில் குறை கண்டு மாப்பிள்ளை வீடு கதைத்த கதை இன்னும் அவருக்குள் ஆறாமல் கிடந்தது.

வின்சன்ட் ஒன்றரை நாள் நின்று பூட்டினார். கடைசிக் கைப்பிடியை இறுக்கும் நேரம் மாப்பிள்ளையின் தாய் கதீஜா மூன்று பெண்களோடு வந்து சேர்ந்தார். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்தக் கதவை இப்படித் திருப்பியிருக்கலாம், இந்தக் கண்ணாடியை அங்கே வைத்திருக்கலாம் என்று தாராளமாகப் புத்தி சொன்னார்கள். பிறகு கதீஜாவின் கண் வின்சன்ட்டின் ஆயுதப் பையில், சுத்தியலுக்குப் பக்கத்தில் கிடந்த விலைத்தாளில் விழுந்தது. எடுத்தார். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். மனதுக்குள் கூட்டினார்.

"பூட்டுக் கூலியே பதினாலாயிரத்துக்குக் கிட்ட வருது போல," என்றார் கூட வந்தவர்களிடம். "சம்பந்தி ஒண்டிலயும் குறை வைக்கேல்ல."

வாசலில் நின்ற றசாக்கின் முகம் நிலவு எறித்தது போலானது. நாலு மாதமும் அவர் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

அந்த இடத்தில் வின்சன்ட் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருக்கும் பதினாலு வருடமாக நெஞ்சுக்குள் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. அந்த ட்ரில் மெசினுக்கு ஈடாக நாலு பேர் அறிய ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசை. நாலு பேர் எண்ணிக் குறையாமல் முன்னால் நின்றார்கள்.

"மாமி, அந்தத் தாள் ஊருக்கு," என்றார். "றசாக் நானாட்ட நான் ஒரு சதம் வாங்கமாட்டன். இது முழுக்கச் சும்மா."

சொன்னதோடு விட்டாரா? குசினியில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னார். காற்று அந்தப் பக்கம் அடித்திருந்தால் இராமேஸ்வரத்திலும் கேட்டிருக்கும்.

"சும்மாவோ," என்றார் கதீஜா. குரலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தாளைப் பைக்குள் வைத்துவிட்டு அலுமாரிக் கதவை மறுபடியும் திறந்தார். இந்த முறை காதைக் கிட்டக் கொண்டுபோனார். கதவு உரசுவது போலில்லையா என்று கேட்டார். அது உரசவில்லை. பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணாடி சரிந்து தெரிந்தது. அது சரியவில்லை. மூன்றாவது ஆள் கட்டிலைத் தட்டிப் பார்த்து, இதுவும் ஆரும் இரங்கிக் குடுத்ததோ என்று சீலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு கேட்க, நாலாவது ஆள் சிரித்தார். நாலு பேரும் வட்டிலப்பம் சாப்பிட்டு, சலாம் சொல்லி, நல்ல மாதிரியாகத்தான் போனார்கள். கலியாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அறை தர்மத்துக்குப் பூட்டினது என்ற கதை மட்டும் அவர்களுக்கு முன்னால் ஊர்போய்ச் சேர்ந்தது.

ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்த வின்சன்ட்டிடம் றசாக் ஒரு கடித உறையை நீட்டினார்.

"பதினாலாயிரத்து எழுநூறு. புத்தி சொன்ன நாலு பேருக்கும் சேர்த்திருக்கு. எண்ணிப் பார்."

"நானா, நான் பாசத்திலதானே சொன்னனான்."

"தெரியும். அதை எனக்கிட்ட மட்டும் மெல்லச் சொல்லியிருக்கலாம்."

வின்சன்ட் கையை நீட்டவில்லை. றசாக் உறையை ஆயுதப் பைக்குள் வைத்து, சிப்பையும் தானே இழுத்து மூடிவிட்டார். மோட்டார் சைக்கிளில் எருக்கலம்பிட்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்தப் பை ஒரு வள்ளத்தின் பாரம் பாரித்தது. கடைக்குள் வேறு ஆளே இல்லாத நேரத்தில் அந்த மெசினைக் கையில் வைத்த மனுசன் பதினாலு வருடத்தில் ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. இவரால் ஒன்றரை நாள் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஐந்து மணிக்குப் போனார். றசாக் எழும்பி வந்து, ஒரு கதிரையைத் துடைத்து முன்பக்கத்தில் போட்டு, குளிர்ந்த சோடாப் போத்தலொன்றைக் குழல் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். வின்சன்ட் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு ஐந்து மணியானால் அவருக்கு எங்கேயாவது வேலை இருந்தது.

கலியாணத்துக்கு முறைப்படி அழைப்பிதழ் வந்தது. போனார். மூத்தவள் றிஸ்மினாவின் கலியாணத்தில் றசாக் இவரைக் கையில் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் பாயில் இருத்தி, ஆறு பேர் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் தன்னுடைய சகன் தட்டிலேயே இடம் கொடுத்தவர். அன்று மூளை எலும்புக்கு இரண்டு பேரும் அடிபட்டார்கள். இந்த முறை வாசலில் நின்ற பொடியன் மரியாதையாக, சேர் இங்கால வாங்கோ என்று மேசைக்குக் கூட்டிப்போனான். வங்கி மனேச்சரும் கிராம சேவகரும் இருந்த மேசை. தனித்தனித் தட்டு. கடதாசியில் சுற்றின கரண்டி. இறைச்சி மட்டும் ஒரு ஆட்டையே கவிழ்த்துக் கொட்டினது போலக் குவிந்திருந்தது. அங்கால் பாயில் றசாக்கின் சகனைச் சுற்றி ஐந்து பேர்தான் இருந்தார்கள். வின்சன்ட் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். ஐந்துதான்.

சாப்பாடு முடிகிற நேரம் றசாக் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு வந்தார். கூடவே ஜெஸீம் என்று ஒரு வாத்தியார். அவருக்கும் அடுத்த மாதம் மகளின் கலியாணம், அறைச் சாமான் கொழும்பிலிருந்து வருகிறதாம்.

"இவரைக் கூப்பிடுங்கோ," என்று றசாக் வின்சன்ட்டின் தோளில் கையை வைத்தார். "வின்சன்ட் பாஸ். நல்ல வேலைக்காரர். சொன்ன நேரத்துக்கு வருவார்."

வாத்தியார் போனை எடுத்துக்கொண்டு நம்பரைக் கேட்டார். றசாக் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வின்சன்ட் கையைத் துடைத்துவிட்டு, இலக்கம் இலக்கமாகச் சொல்லத் தொடங்கினார்.